புகைக்குள் எழுத்து

அது புகை இல்லை என்பது இசக்கியம்மாளுக்கு அன்று மத்தியானம் இரண்டு மணி வாக்கில்தான் தெரிந்தது. சாம்பல் கோட்டு போட்டவனின் தலைக்கு மேலே வெள்ளையாய், ஓரமெல்லாம் சுருள் சுருளாய்த் திரண்டு நிற்கிறதே, அதற்கும் அவன் நெற்றிக்கும் நடுவில் மூன்று சின்ன வட்டம் மிதக்கிறதே, அதை அவள் இத்தனை நாளும் புகை என்றே வைத்திருந்தாள். "மாமாவுக்கு மண்டக்காய்ச்சல் தாயி, அதான் ஆவி பறக்கு" என்று மகளிடம் சொல்லியும் இருந்தாள். ரிதனா அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் காகிதத்தில் இருக்கும் அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள், இன்னும் சுடுதும்மா என்பாள். புகைக்குள்ளே எழுத்து இருந்தது வாஸ்தவந்தான். ஆனால் அந்தப் படக்கதைப் புத்தகத்தில் எங்கேதான் எழுத்து இல்லை. கதவு உடைகிற இடத்தில் எழுத்து, கார் திரும்புகிற இடத்தில் எழுத்து, ஒருத்தன் வாயில் குத்து வாங்கினால் வாயைவிடப் பெரிய எழுத்து. அத்தனையையும் ஒருத்தி வாசித்துக்கொண்டிருக்க முடியுமா. அவளுக்கு வாசிக்க வராது என்பது வேறு விஷயம். வராது என்று ஒரேயடியாகவும் சொல்ல முடியாது, அஞ்சாம் வகுப்பு வரைக்கும் போனவள், விரலை வைத்து எழுத்துக் கூட்டினால் வரும். ஒரு வரி முடிய ஓர் உலை கொதிக்கிற நேரம் ஆகும், வரி முடிகிறபோது முதல் சொல் எங்கேயோ போயிருக்கும், அதைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தால் கடைசிச் சொல் நழுவியிருக்கும். அதனால் அவள் விரலை வைக்கவே இல்லை. படத்தைப் பார்த்தாள், வாயால் சொன்னாள். பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைத்தானே சொன்னோம்.

இன்றைக்கு விரலை வைத்தே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது. சாயந்திரம் ஆறரைக் காட்சி. கையை விரித்தால் சிவப்பு இறக்கை முளைக்கிற செம்பருந்து என்ற பொம்பளையின் கதை இன்றுதான் சினிமாவாக வெளியாகிறது, திருப்பூரில் இந்தக் காம்பவுண்டில் இருக்கிற ஆறு வீட்டில் நாலு வீட்டு ஆட்கள் ஒன்பது பேராகக் கிளம்புகிறார்கள். பக்கத்து வீட்டுத் தெய்வானையக்காதான் டிக்கெட் எடுத்தது. புத்தகம் மூன்றையும் வாங்கிவந்தது இசக்கியின் புருஷன் சுடலைமணி. பனியன் கம்பெனியில் கட்டிங் மேசையில் நிற்கிறவன், பன்னிரண்டு வரை படித்தவன், சின்ன வயசிலிருந்தே இந்த மாதிரிப் புத்தகத்தில் பைத்தியம். ஆனால் படமாக வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால் அந்தக் கதையைத் தொடமாட்டான். "முன்னாடியே தெரிஞ்சிட்டா, ஆறுன காப்பியத் திரும்ப ஆத்துன மாதிரிளா" என்பான். "நீ படிச்சு பாப்பாவுக்குச் சொல்லு, எங்காதுல விழாம சொல்லு." அவர்கள் புத்தகத்தை எடுத்தாலே இரண்டு காதிலும் விரலைக் கொடுத்துக்கொண்டு ராகம் இழுப்பான், ரிதனா வேண்டுமென்றே அவன் பக்கத்தில் போய்க் கத்துவாள், வீடே சிரிக்கும். அந்த ராகம்தான் இசக்கியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ரிதனா ஒன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் பள்ளிக்கூடம், தமிழில் இன்னும் அ, ஆ தாண்டவில்லை. கேட்கிறவளுக்கு வாசிக்கத் தெரியாது, வாசிக்கத் தெரிந்தவன் கேட்கமாட்டான். இதைவிட வசதி யாருக்கு வாய்க்கும். நாலு நாளைக்கு முன்னால் தெய்வானையக்கா தன் போனில் படத்தின் முன்னோட்டத்தைக் காட்டும்வரை அவள் நிம்மதியாகத்தான் இருந்தாள். படம் அதுவே அசைந்தது, சாம்பல் கோட்டுக்காரன் திரும்பினான், வாயைத் திறந்தான். புத்தகத்தில் அவனுக்குக் குரல் கிடையாது, இசக்கி கொடுத்த குரல்தான், அது நல்ல குரல். இது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல். சிரித்தான். தெய்வானையக்கா, "என்ன புள்ள, ஒங்க மக இவந்தான் தாய்மாமன், கடைசீல இவன் மடியில வச்சுத்தான் பாப்பாவுக்குக் காது குத்துவாங்கன்னு எங்க சுருதிகிட்டச் சொல்லியிருக்கா. மொய்யி எழுதணுமான்னு கேட்டுச் சொல்லு" என்று கேலி பண்ணியது. இசக்கி சிரித்தாள். சிரிக்கும்போதே உள்ளங்கால் சில்லிட்டது.

சிரிக்கிற முகத்தைத்தான் இன்றைக்கும் எதிரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிசிறு வெட்டக் கொடுத்திருக்கும் சின்னப் பிள்ளைப் பனியன் மூட்டை அவிழ்த்தபடி கிடக்கிறது, இந்த வாரம் எல்லாக் கம்பெனியும் செம்பருந்துதான் அடிக்கிறார்கள், முன்பக்கம் இறக்கை, பின்பக்கம் சாம்பல் கோட்டுக்காரன் முகம். புகையை விட்டுவிட்டு முகத்தை மட்டும் அச்சடித்திருக்கிறார்கள். புகை இல்லாமல் பார்த்தால் யாரும் மாமா என்றுதான் சொல்வார்கள், நான் சொன்னது தப்பா. கத்தரியைக் கையில் எடுத்தாள், ஒரு நூலை வெட்டினாள், கீழே வைத்தாள். மறுபடி புத்தகம். இரண்டாம் புத்தகம், சாம்பல் கோட்டுக்காரன் செம்பருந்தின் மகளைத் தூக்கிக் கறுப்புக் காரில் உட்கார வைக்கிற பக்கம். எழுத்தை அடைத்திருக்கும் கூண்டில் எதை முதலில் வாசிப்பது என்பதே அவளுக்குப் பிடிபட இவ்வளவு நேரமாயிற்று. வால் உள்ள கூண்டு இருக்கிறது, அந்த வால் வாயைப் பார்த்து நீண்டிருக்கிறது, அப்படியானால் அது வாய்ப்பேச்சு. வா, க, ண், ணு. வா கண்ணு. உன் அம்மாதான் என்னை அனுப்பினாள். பார்த்தாயா, நல்லவன்தான், கண்ணு என்கிறான். மார்புக்கூட்டுக்குள் அடைத்திருந்த ஏதோ ஒன்று இளகி இறங்கியது. பிறகு விரல் மேலே ஏறிப் புகைக்குள் போயிற்று. இ, வ, ளை. இவளை வை, த், து. வைத்துத்தான். இவளை வைத்துத்தான் செம்பருந்தின் இறக்கையை ஒடிக்கப் போகிறேன். இதை யார் சொன்னது. இதற்கு வால் இல்லை. பக்கத்தில் நிற்கிற பிள்ளை சிரித்துக்கொண்டே காரில் ஏறுகிறது, அதற்கு இது கேட்கவில்லை. முதல் பக்கத்துக்குப் போனாள். செம்பருந்து தலைமேலும் ஓரிடத்தில் புகை, அதையும் கூட்டினாள், மழைக்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அவள் யாரிடமும் சொல்லவில்லை, தனியாகத்தான் பறக்கிறாள். அப்படியானால் புகை என்பது சொல்லாத பேச்சு. வாயில் ஒன்று, மண்டையில் ஒன்று. இத்தனை நாளும் அவன் மண்டையில் ஓடியதை நெற்றி தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தாள் ரிதனா.

காது குத்துகிற பக்கத்துக்கு அவள் போகவில்லை. போக வேண்டாம் என்று இருந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள், குழாயை இறுக்கினாள், அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும் அடுப்பு மூடியிருக்கிறதா என்று பார்த்தாள். காது குத்துதான் அது. பிள்ளை மடியில் இருக்கிறது, அவன் கையில் ஊசி இருக்கிறது, ஊசி காதோரம் இருக்கிறது, தாய்மாமன் மடியில் வேறென்ன நடக்கும். வந்து உட்கார்ந்து விரலை வைத்தாள். ஒரே ஓர் ஊசி. அதன் பிறகு உனக்கு உன் அம்மாவின் ஞாபகமே இருக்காது. இதற்கு வால் இருந்தது. வாயைத் திறந்தே சொல்கிறான். அவளுக்குக் காதுமடல் இரண்டும் சுட்டது. இவனை ஏன் மாமா என்று சொன்னேன், எவ்வளவோ பேர் இருக்கிற புத்தகத்தில் இவனை மட்டும். சாம்பல் நிறத்தினால்தான். சங்கரன்கோவில் பக்கம் அவள் ஊருக்கு வந்தவரும் சாம்பல் நிறச் சபாரிதான் போட்டிருந்தார், வெயிலில் கக்கத்தில் கறுப்பாய் நனைந்திருக்கும். அஞ்சாம் வகுப்பு முடிந்த கோடை. ஆளுக்கு நாலு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். "மாமா கூட கெளம்பு, அங்கயும் பள்ளிக்கூடம் இருக்காம்" என்றாள் அம்மா. வேனில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததே என்று இவள் சந்தோஷமாக ஏறினாள், மிட்டாயை நாக்கில் வைத்துத் தேயவிட்டுக்கொண்டே போனாள், சிரித்துக்கொண்டே ஏறுகிற பிள்ளை. வேன் போய் நின்ற தீப்பெட்டி ஆபீசில் பள்ளிக்கூடம் இல்லை. ஒருநாள் அதிகாரிகள் வரப் போகிறார்கள் என்று வரிசையாக நிற்கவைத்து, "வயசு கேட்டா பதினாலுன்னு சொல்லணும், என்ன?" என்றார் மாமா. பத்து வயசுக்காரி பதினாலு என்றாள். கேட்டவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், பதினாலு என்றே எழுதிக்கொண்டார். அவர் தலைக்கு மேல் அப்போது என்ன புகை இருந்திருக்கும். மாமா தலைக்கு மேல் என்ன இருந்திருக்கும். அம்மா தலைக்கு மேல். வேண்டாம், அது வேண்டாம். அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

பொய்யைப் பழக்கிவிட்டால் அது நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வரும். பெண் பார்க்க வந்த அன்று சித்தப்பாதான் சொன்னது, பிள்ளை பத்து முடிச்சிருக்கு என்று. அவள் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுடலைமணி, பாஸா என்று கேட்டான், சித்தப்பா பாஸ் என்றார். அதோடு முடிந்தது, எட்டு வருஷமாக முடியவில்லை. கையெழுத்து மட்டும் அழகாய் வரும் அவளுக்கு, இசக்கியம்மாள் என்று சாய்த்து எழுதிக் கீழே ஒரு கோடும் இழுப்பாள், அதைப் பார்த்தவர்கள் யாரும் மேற்கொண்டு எதையும் கேட்டதில்லை. பேங்கில் படிவம் கொடுத்தால் கண்வலி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தாயின் படிப்பு என்ற இடத்தில் சுடலைமணி தானே பத்து என்று எழுதினான், எழுதிவிட்டு இவளைப் பார்த்துக் கண்ணடித்தான், பெருமையில். இன்றைக்கு ஆறரை மணிக்கு, இருட்டில், அவ்வளவு பெரிய திரையில் அந்த ஊசி வரும். ரிதனா, காது குத்தப் போறாங்க என்று சத்தமாகச் சொல்வாள், சுருதியும் சொல்வாள், நாலு வீட்டுப் பிள்ளைகளும் சொல்லும். திரையில் பிள்ளை அலறும். சுடலைமணி மெதுவாக இவள் பக்கம் திரும்புவான். அவனுக்குக் கோபம் வந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். புரிந்துகொள்வானே, அதை எப்படித் தாங்குவது. பத்து என்று எழுதிய கை, கண்ணடித்த கண், எல்லாம் ஒவ்வொன்றாய் அவனுக்குள் திரும்பிப் போகும். தலைவலி என்று படுத்துக்கொள்ளலாமா. படுத்துக்கொண்டால் மட்டும் படம் ஓடாமல் நின்றுவிடுமா.

மணி மூன்றே முக்கால். நாலு மணிக்குப் பள்ளிக்கூட வேன் தெருமுனைக்கு வரும். அப்போதுதான் அது அவள் மண்டையில் வந்து விழுந்தது, கழுவிய தட்டு கை நழுவி விழுகிற மாதிரி. பழைய டிரைவர் நின்றுபோய்ப் புது ஆள் வந்து நாலு நாளாகிறது. முந்தாநாள் ரிதனா சொன்னாளே, சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு, "எங்க வேன்ல இப்ப சாம்பல் மாமாதான்மா வாராரு, சாம்பல் சட்டை. நல்ல மாமா." நீயே பேர் வச்சிட்டியா என்று இவளும் சிரித்தாள். நல்ல மாமா. யார் சொல்லிக்கொடுத்தது. உன் அம்மாதான் அனுப்பினாள் என்று ஒருத்தன் சொன்னால் ஏறிக்கொள், அவன் மாமா, அவனுக்குக் காய்ச்சல், நெற்றியைத் தொட்டுப் பார் என்று மாதக்கணக்கில் மடியில் போட்டுச் சொல்லிக்கொடுத்தது யார். செருப்புப் போட்டாளா என்பது அவளுக்கு நினைவில்லை. தெருமுனையில் வெயில் தார்மேல் நின்றது. நாலாயிற்று, நாலு ஐந்தாயிற்று. தினமும் ஐந்து நிமிஷம் பிந்துவதுதான். நாலு பத்து. பேக்கரிக்காரன் கடைக் கடிகாரம் கொஞ்சம் வேகம். சாயப்பட்டறை லாரி ஒன்று போயிற்று, அதன் பின்னால் ஒன்றுமில்லை. நாலு பதினைந்து. வேன் நம்பரைப் பார்த்து வைத்திருக்கிறேனா, மஞ்சள் வேன், எல்லா வேனும் மஞ்சள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மிட்டாயைத் தேயவிட்டுக்கொண்டு. சுருதிக்காக வந்து நின்ற தெய்வானையக்கா, "பாலத்துக்கிட்ட அடைச்சிருக்கும் புள்ள, இதுக்கா இப்புடி வேர்த்துப்போய் நிக்கிற, ஆளவிட்டா ரோட்டுல படுத்துருவ போல" என்றது. "டிரைவர் புதுசுக்கா." "அதுக்கு? நம்ம ரேசன்கடைத் தெருதான் அந்தாளு. அவருக்கு மூணும் பொண்ணு." அது சொல்வது காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. அக்கா தலைமேல் புகை ஏதும் இல்லை, அது அப்படிப்பட்ட ஆள், எல்லாமே வால்தான். நாலு இருபத்திரண்டுக்கு வேன் வந்தது. டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்தார். வெளுத்துப்போன சாம்பல் சட்டை, ஒரு பட்டன் வேறு நிறம், தும்மிவிட்டுக் கைக்குட்டையை மடித்தார். "பாலத்துல லாரி நின்னுபோச்சும்மா, புள்ளைக பசிக்குதுன்னு ஒரே கூப்பாடு" என்றார். ரிதனா குதித்து இறங்கினாள். இசக்கி அவளைத் தூக்கிக்கொண்டாள், ஏழு வயசாகப்போகிற பிள்ளையை, பையோடும் தண்ணீர் பாட்டிலோடும். "எறக்கி விடும்மா, எல்லாரும் பாக்காங்க" என்றாள் ரிதனா.

தெய்வானையக்காவையும் சுருதியையும் முன்னால் போகவிட்டு மெதுவாக நடந்தாள். சொல்லிவிட வேண்டும், வீடு வருவதற்குள், தியேட்டருக்கு முன்னால், அந்த ஊசிக்கு முன்னால். "ரிதனா, புக்குல வாரான்ல சாம்பல் மாமா, அவன் நல்லவன் இல்ல." "வேன் மாமாவா?" "அவரு இல்ல தாயி, அவரு நல்லவரு. புக்குல உள்ளவன். அவன் பாப்பாவத் திருடிட்டுப் போறான். அது காதுகுத்து இல்ல. மருந்து ஊசி." ரிதனா நின்றாள். "நீதான நல்லவன்னு சொன்ன." "நான் வாசிக்கல. படத்தப் பாத்துச் சொன்னேன்." "ஏன் வாசிக்கல?" வேலை இருந்தது, கண் வலித்தது, எழுத்து பொடியாக இருந்தது, எல்லாம் வரிசையாக வாய்வாசலில் வந்து நின்றன. "எனக்கு வெரசா வாசிக்க வராது. எழுத்துக் கூட்டித்தான் வரும்." பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தது. இப்போது சிரிக்கும், இல்லை கழுத்தைக் கட்டிக்கொள்ளும் என்று எங்கேயோ ஓரத்தில் எதிர்பார்த்தாள் போல. ரிதனாவின் கீழுதடு பிதுங்கியது. "நான் கிளாஸ் பூராம் சொல்லிட்டேன். எல்லாரும் இன்னைக்குப் படம் பாப்பாங்க. திங்கக்கெழம என்னையச் சிரிப்பாங்க." அது நியாயம். பையை இழுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள், பாட்டில் முதுகில் இடித்தது. காம்பவுண்டு வாசலில் திரும்பி நின்றுகொண்டு கேட்டாள், "அப்பாக்குத் தெரியுமா, ஒனக்கு வாசிக்க வராதுன்னு?" இல்லை என்று தலையாட்டினாள் இசக்கி. அப்பாகிட்டச் சொல்லிராத தாயி. அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது, வால் முளைத்துவிட்டது. சொல்லிராத, அப்பா கேட்டால் அம்மா வாசித்தாள் என்று சொல்லணும், என்ன? என்ன என்ற அந்தச் சொல்லில் அவளுக்குக் கக்கம் நனைந்த சபாரி வாடை அடித்தது. பதினாலு என்று சொல்லணும், என்ன? பத்து வயசு வாய்க்குள் எடுத்துவைத்த அந்தப் பதினாலு, இன்னும் கரையாத மிட்டாய். இதோ எதிரே ஒரு வாய், ஆறு வயசு, முன்பல் இரண்டு இல்லை. இசக்கி தன் வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாயோடு வந்து பூட்டைத் திறந்தாள்.

அஞ்சேகாலுக்குச் சுடலைமணி பர்மிஷன் போட்டுவிட்டு வந்தான், வரும்போதே சட்டைப் பட்டனைக் கழற்றிக்கொண்டு, தலையில் பஞ்சுத்தூசியோடு. "கெளம்பலயா இன்னும்? பிசிறு வெட்டலயா? என்னளா, அப்படியே கெடக்கு மூட்டை" என்றவன், அவள் கையில் புத்தகத்தைப் பார்த்ததும் சிரித்தான். "ஏ, ஒரு மணி நேரந்தான் இருக்கு, இப்பப் போயிக் கதையச் சொல்லி கெடுத்துராத." இரண்டு ஆட்காட்டி விரலும் காதுக்குள் போயின. கண்ணை மூடிக்கொண்டான். ராகம் தொடங்கிற்று. ரிதனா கதவோரம் சீருடையோடு நின்றாள், கத்துவதற்கு அவன் பக்கத்தில் போகவில்லை, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இப்போது சொல்லலாம், இப்போது சொன்னால் கேட்காது. கேட்காதபோது சொன்னாலும் சொன்னதுதான் என்று ஒரு புகை எழுந்து அவள் தலைமேல் சுருண்டது, வேண்டாம் என்று இன்னொன்று, படம் பார்த்த பிறகு என்று இன்னொன்று, தலைவலி என்று இன்னொன்று, கூரைத் தகரம் வரைக்கும் புகை. "எனக்கு வாசிக்க வராதுங்க" என்றாள். ராகம் நிற்கவில்லை. "பத்தெல்லாம் இல்ல, அஞ்சுதான் படிச்சேன். சித்தப்பா பொய் சொன்னாக, நான் சும்மா நின்னேன். பாப்பாவுக்குச் சொன்னதெல்லாம் நானாச் சொன்னது." முதல் தடவை சொல்வது இவ்வளவு லேசாக இருந்தது, வெறும் சுவரிடம் சொல்வது போல. அவள் உதடு அசைந்து நின்றதை இமையிடுக்கால் பார்த்துவிட்டு, சுடலைமணி ஒரு விரலை மட்டும் எடுத்தான், பாதிச் சிரிப்போடு. "என்ன, சொல்லி முடிச்சிட்டியா? கதையா சொன்ன?" ரிதனா கதவோரமிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இசக்கி புத்தகத்தைத் திருப்பி, ஊசி இருக்கிற பக்கத்தை விரித்து, அவன் பக்கமாக நீட்டினாள்.

"கதை இல்லங்க" என்றாள். "வேற."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மற்ற விரலையும் எடுத்தான்.